கூலி உயர்ந்தால் வேலை போய்விடுமாம்!

“கூலியை உயர்த்தினால் ஆலையை மூட வேண்டியதுதான். கூலியை உயர்த்தினால் நிலத்தைத் தரிசாகப் போட வேண்டியதுதான். நஷ்டம் எங்களுக்கல்ல, உங்களுக்குத்தான். உள்ள வேலையும் போய்விடும். உங்கள் நன்மைக்காகவே சொல்கிறோம்!”

ஆலை வாசலிலும் வரப்பு மேட்டிலும் இந்தப் பாட்டைக் கேட்காத தொழிலாளி உண்டா? பஞ்சப்படி கேட்டாலும் இதே பாட்டு. போனஸ் கேட்டாலும் இதே பாட்டு. குறைந்தபட்சக் கூலியைத் திருத்தும்படி மனுக் கொடுத்தாலும் இதே பாட்டு. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். ஆனால் இந்த ஓநாய் தனியாக அழுவதில்லை. பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் சிலர் பக்கவாத்தியம் வாசித்துக்கொண்டு கூடவே வருகிறார்கள். “இது முதலாளியின் பேராசையல்ல, பொருளாதார விதி” என்று அவர்கள் தாளம் போடுகிறார்கள்.

அவர்களது சித்தாந்தம் மிகவும் சுலபமானது. கத்தரிக்காய் விலை ஏறினால் ஜனங்கள் குறைவாக வாங்குவார்கள். உழைப்பும் ஒரு சரக்கு. கூலி அதன் விலை. விலை ஏறினால் முதலாளியும் குறைவாகத்தான் வாங்குவார். ஆகவே சர்க்கார் சட்டம் போட்டாலும் சரி, சங்கம் வேலைநிறுத்தம் செய்தாலும் சரி, கூலி உயர்ந்தால் ஆட்குறைப்பு நிச்சயம். தலைமுறை தலைமுறையாகக் கல்லூரிகளில் இதைத்தான் கற்பித்தார்கள். இதைப் படித்து வந்தவர்தான் தொழிலாளர் இலாகாவில் அதிகாரியாக அமர்கிறார்; பத்திரிகையில் தலையங்கம் தீட்டுகிறார்; மந்திரிக்கு யோசனை சொல்கிறார்.

நல்லது. கூலி உயர்ந்த இடத்துக்கே போய், வேலை போயிற்றா இல்லையா என்று தலையெண்ணிப் பார்த்துவிட்டால் விஷயம் தீர்ந்தது. ஆனால் இந்தச் சாதாரண வேலையைச் செய்யப் பேராசிரியர்களுக்கு நெடுங்காலம் மனம் வரவில்லை. விதி இருக்கும்போது தலையெண்ணுவானேன்?

கடைசியில் எண்ணினார்கள். எண்ணியவர்கள் நம்மவர்களல்ல. முதலாளித்துவத்தின் தலைமைப் பீடமான அமெரிக்காவில், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர்கள் டேவிட் கார்ட், ஆலன் குரூகர் என்ற இருவர்.

நியூ ஜெர்சியில் எண்ணிய தலைகள்

1992 ஏப்ரல் 1 அன்று நியூ ஜெர்சி மாகாணத்தில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்ந்தது. டெலவர் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள பென்சில்வேனியா மாகாணத்தில் பழைய 4.25 டாலரே நீடித்தது. ஆற்றின் இரு கரையிலும் ஒரே மாதிரியான துரித உணவுக் கடைகள்: வறுத்த கோழி, இறைச்சி ரொட்டி விற்கும் கம்பெனிக் கடைகள். தொழிலும் ஒன்று, வாடிக்கைக்காரரும் ஒரே ரகம். வித்தியாசம் கூலி ஒன்றுதான். இதைவிட நல்ல சோதனை யாருக்குக் கிடைக்கும்?

கார்டும் குரூகரும் கூலி உயர்வதற்கு முன்பும், உயர்ந்து ஏழெட்டு மாதங்கள் கழித்தும் இரு கரையிலுமாக 410 கடைகளில் ஆள் கணக்கு எடுத்தார்கள். கத்தரிக்காய் விதி மெய்யானால் நியூ ஜெர்சியில் ஆள் குறைந்திருக்க வேண்டும். நடந்ததென்ன? அரைநாள் ஆட்களையும் முழுநாள் கணக்காக மாற்றிப் பார்த்தால், நியூ ஜெர்சியில் கடை ஒன்றுக்குச் சராசரி 20.4 ஆளாக இருந்தது 21 ஆயிற்று. கூலி உயராத பென்சில்வேனியாவில் 23.3 ஆக இருந்தது 21.2 ஆகக் குறைந்தது! அது வியாபார மந்தம் நிலவிய சமயம் என்பதையும் மறக்கக் கூடாது. மந்த காலத்தில் கூலியை உயர்த்திய இடத்தில் வேலை நின்றது. உயர்த்தாத இடத்தில் ஆட்குறைப்பு நடந்தது.

நியூ ஜெர்சியில் சாப்பாட்டு விலை சிறிது ஏறியது உண்மை. அதையும் அவர்களே எழுதி வைத்தார்கள். ஆனால் முதலாளி விலையைப் பற்றியா மிரட்டினார்? வேலை போகும் என்றல்லவா மிரட்டினார்!

1994 இல் இந்த ஆராய்ச்சி வெளிவந்ததும் எழுந்த கூச்சலைப் பார்க்க வேண்டுமே! 1986 இல் நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் புக்கானன் என்ற பொருளாதார மேதை, 1996 இல் ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ பத்திரிகையில் பாய்ந்தார். தண்ணீர் மேட்டை நோக்கி ஓடும் என்று சொல்வதும் இதுவும் ஒன்றுதான் என்றார். நல்ல வேளையாக நம் தொழிலில் உள்ளவர்கள் இன்னும் பட்டாளத்தின் பின்னால் திரியும் வேசிக் கூட்டமாகி விடவில்லை என்று முடித்தார். நோபல் பரிசு பெற்றவரின் பாஷை இது. 410 கடைகளில் எடுத்த கணக்குக்கு அவர் அளித்த பதில் வசவு. குழாயடிச் சண்டையில்கூட நம் பெண்கள் இதைவிட நியாயம் பேசுவார்கள்.

வசவோடு நிற்கவில்லை. உணவுக் கடை முதலாளிகளுக்காக வாதாடும் ஒரு பிரசாரக் கம்பெனியின் ஆதரவில் இயங்கிய நிலையம் ஒன்று, கடைகளின் சம்பளப் பட்டியல்கள் சிலவற்றைத் திரட்டிக் கொடுத்தது. வேறு இரு பொருளாதாரவாதிகள் அதோடு தாமும் சில பட்டியல்களைச் சேர்த்து, “வேலை குறைந்தது” என்று எழுதினார்கள். உடனே கார்டும் குரூகரும் என்ன செய்தார்கள்? கடைக்காரர் கொடுத்த கணக்கும் வேண்டாம், நாங்கள் டெலிபோனில் கேட்ட கணக்கும் வேண்டாம் என்று, சர்க்காரிடம் முதலாளிகளே சட்டப்படி தாக்கல் செய்திருந்த பதிவேடுகளை எடுத்துப் பார்த்தார்கள். 2000 ஆம் ஆண்டில் முடிவு வந்தது: கூலி உயர்வால் வேலை சரிந்ததாக அந்தப் பதிவேடுகளிலும் காணோம்.

2021 இல் டேவிட் கார்டுக்கே நோபல் பரிசு கொடுத்தார்கள். குரூகர் 2019 இலேயே காலமாகிவிட்டார்.

அது ஒரு மாகாணத்துக் கதை என்பீர்களானால் ஜெர்மனியைப் பாருங்கள். 2015 ஜனவரி 1 அன்று அங்கு நாடு முழுவதற்கும் மணிக்கு 8.50 யூரோ என்று குறைந்தபட்சக் கூலி முதன்முதலாக அமலுக்கு வந்தது. அதற்கு முன் ஆராய்ச்சி நிலையங்கள் சில, லட்சக்கணக்கில் வேலை போகும் என்று ஜோசியம் கூறின. பின்னர் நடந்த விரிவான ஆராய்ச்சி 2022 இல் வெளிவந்தது. கூலி உயர்ந்தது, வேலை குறையவில்லை. சில சின்னஞ்சிறு கடைகள் மூடப்பட்டன. அந்த மாதிரி இடங்களில் அற்பக் கூலிக்கு உழைத்தவர்களில் பலர் மேலான கம்பெனிகளுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஜோசியர்கள் யாரும் பஞ்சாங்கத்தைக் கிழித்துப் போட்டதாகத் தெரியவில்லை.

எதிரி சும்மா இருப்பானா? “சியாட்டில் நகரத்தைப் பார்!” என்கிறான். பார்ப்போம். அந்த நகரத்தில் கூலி 13 டாலராக உயர்ந்தபோது, குறைந்த கூலிக்காரர்களின் வேலை நேரம் சுமார் 9 சதவிகிதம் சுருங்கியது என்று வாஷிங்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சிக் குழு 2017 இல் எழுதியது. முதலாளிப் பத்திரிகைகள் இதைத் தலையில் வைத்துக் கூத்தாடின. ஆனால் அந்தக் கணக்கில் ஒரு சங்கதி உண்டு. பல கிளைகள் வைத்து நடத்தும் கம்பெனிகள் அதில் சேர்க்கப்படவே இல்லை. அதாவது, குறைந்த கூலிக்கு ஆள் வைப்பதில் பேர்போன பெரிய சங்கிலிக் கடைகள் கணக்குக்கு வெளியே! அதே ஆண்டில் பெர்க்கிலி பல்கலைக்கழகக் குழு, அந்த நகரத்து உணவுத் தொழிலை எடுத்துப் பார்த்து வேலை குறையவில்லை என்றது. முதற்குழுவே அடுத்த ஆண்டில், ஏற்கெனவே வேலையில் பழகியிருந்தவர்களின் வருமானம் கூடியது என்று எழுத வேண்டியதாயிற்று. இது பிந்திய சேதி. ஆகவே பத்திரிகைகளில் இதற்கு இடம் கிடைக்கவில்லை போலும்.

நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். இந்த ஆராய்ச்சிகளில் உள்ள கணிதத்தில் பாதி எனக்கு விளங்காது. ஆனால் யாரை எண்ணினார்கள், யாரை விட்டுவிட்டார்கள் என்று பார்க்கக் கணிதம் வேண்டாம். முறை தவறாமல் கூலிச் சீட்டைச் சரிபார்க்கும் எந்தத் தொழிலாளிக்கும் அது கைவந்த கலை.

கத்தரிக்காய்க்கும் கைக்கும் உள்ள வித்தியாசம்

விதி ஏன் பொய்த்தது? சந்தையில் கத்தரிக்காய்க்குப் பத்துப் பேர் விலை கேட்பார்கள். ஆலைத் தொழிலாளியின் கைக்கு எத்தனை பேர் விலை கேட்கிறார்கள்? விடுதியும் ஆலைக்குள், சாப்பாடும் ஆலைக்குள், போக்குவரத்தும் கம்பெனி வண்டியில் என்று வைக்கப்பட்ட வெளிமாநிலத்துப் பையனுக்கு எத்தனை முதலாளிகள்? வாங்கிய முன்பணம் தீராமல் பக்கத்து ஆலைக்குப் போக முடியுமா? பிள்ளைகளின் பள்ளிக்கூடம், பெண்சாதியின் வேலை, வாடகை வீட்டு அட்வான்சு எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒரு நாளில் ஊர் மாற முடியுமா? கிராமத்தில் ஐந்து பண்ணைகள் இருந்தால், ஐந்து பேரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து அல்லவா கூலி பேசுகிறார்கள்!

இங்கே விலை வைப்பவன் சந்தையல்ல, முதலாளி. ஆள் ஓட மாட்டான் என்று தெரிந்தால், அவன் உழைப்பு ஈட்டித் தருவதற்குக் கீழே கூலியை அமுக்கி வைக்க முடிகிறது. அப்படி அமுக்கி வைத்த தொகையிலிருந்து ஒரு பகுதியைச் சட்டமோ சங்கமோ பிடுங்கிக் கொடுக்கும்போது முதலாளிக்கு லாபம் குறையும். வேலையாள் தேவை குறையாது. ரொட்டி சுட ஆள் வேண்டும், தறி ஓட ஆள் வேண்டும். ஜோன் ராபின்சன் என்ற ஆங்கில அம்மையார் 1933 இலேயே இதைப் புத்தகமாக எழுதி வைத்தார். அதற்கும் முன்னால், 1776 இல், முதலாளிகள் பூஜை செய்யும் ஆடம் ஸ்மித்தே, கூலியை ஏறவிடாமல் வைப்பதில் எஜமானர்கள் எப்போதும் சத்தமில்லாமல் கூட்டுச் சேர்ந்திருக்கிறார்கள் என்று எழுதினார். பூஜை செய்கிறவர்கள் புத்தகத்தைப் பிரிப்பதில்லை.

இந்தக் கூட்டு வெறும் ஊகமென்று நினைக்க வேண்டாம். அதே குரூகரும் ஆர்லி ஆஷன்பெல்டரும் அமெரிக்காவின் பெரிய சங்கிலிக் கம்பெனிகளின் ஒப்பந்தப் பத்திரங்களைப் படித்தார்கள். 58 சதவிகிதம் கம்பெனிகளின் பத்திரத்தில் ஒரு ஷரத்து இருந்தது: ஒரே கம்பெனியின் பெயரில் கடை நடத்தும் ஒருவர், இன்னொரு கடைக்காரரின் தொழிலாளியை வேலைக்கு எடுக்கக் கூடாது. கோழி வறுக்கும் பையன் நாலு காசு கூடக் கிடைக்கும் என்று அடுத்த தெருக் கடைக்குப் போய்விடக் கூடாதாம்! சுதந்திரச் சந்தையின் லட்சணம் இது. விஷயம் அம்பலத்துக்கு வந்து, வாஷிங்டன் மாகாணத்துச் சர்க்கார் வழக்கறிஞர் 2018 இல் நெருக்கிய பிறகு, பல கம்பெனிகள் அந்த ஷரத்தை நீக்கின.

“அப்படியானால் கூலியைப் பத்து மடங்காக்குங்களேன், வேலை போகிறதா பார்ப்போம்” என்று சில கெட்டிக்காரர்கள் மடக்கப் பார்ப்பார்கள். பத்து மடங்கு யார் கேட்டது? பசித்தவன் ஒரு கவளம் கேட்டால், அண்டாச் சோற்றையும் தின்றால் வயிறு வெடிக்கும் என்று உபதேசம் செய்கிற ஜாதி இது. நியூ ஜெர்சியில் உயர்ந்தது 80 சென்ட். சண்டை எப்போதும் அந்த 80 சென்ட்டுக்குத்தான் நடக்கிறது.

நூறு நாள் வேலையும் மிராசுதாரின் வயிற்றெரிச்சலும்

இனி நம் நாட்டுக்கு வருவோம். விவசாயத் தொழிலாளிக்குச் சங்கிலிக் கடையுமில்லை, டாலருமில்லை. ஆனால் 2006 பிப்ரவரியில் 200 ஜில்லாக்களில் ஒரு புதிய கதவு திறந்தது. 2005 இல் நிறைவேறிய ஊரக வேலை உறுதிச் சட்டம் அது. நாம் ‘நூறு நாள் வேலை’ என்றோம். 2008 ஏப்ரலில் அது நாடு முழுதும் பரவியது. ஆண்டுக்குக் குடும்பத்துக்கு 100 நாள் வேலை, கொடுக்காவிட்டால் படி. ஏட்டளவில் இருந்த உரிமை வயலளவில் எவ்வளவு வந்தது என்பது வேறு கதை. ஆனால் பண்ணையார் வீட்டு வாசலைத் தவிர இன்னொரு வாசல் உண்டு என்ற நிலை வந்தது.

வந்தவுடன் பண்ணையார் அலறினார். ஆள் கிடைக்கவில்லை, விவசாயம் அழிகிறது, ஜனங்கள் சோம்பேறியாகிவிட்டார்கள்! 2011 இல் அன்றைய மத்திய விவசாய மந்திரி சரத் பவார், விவசாய வேலை மும்முரமான காலத்தில் இந்தத் திட்டத்தை நிறுத்தி வைக்கும்படி பிரதம மந்திரியைக் கேட்டார். அப்போது அது நடக்கவில்லை.

ஆராய்ச்சியாளர்கள் இங்கும் கணக்கெடுத்தார்கள். திட்டம் முதலில் வந்த ஜில்லாக்களையும் பின்னால் வந்த ஜில்லாக்களையும் ஒப்பிட்டு கிளெமாண்ட் ஆம்பேர், ஜான் பாப் என்ற இருவர் 2015 இல் எழுதினார்கள்: தனியார் கொடுத்த கூலி உயர்ந்தது. தனியாரிடம் வேலை செய்த நாட்கள் ஓரளவு குறைந்தன. யாரும் விரட்டியதால் அல்ல, தொழிலாளி தானே சர்க்கார் வேலைக்குப் போனதால். மண்வெட்டி பிடித்தவர் பெற்ற லாபத்தைப் போலவே, திட்டத்துப் பக்கமே போகாத ஏழைக்கும் கூலி உயர்வால் பெரிய லாபம் கிடைத்தது.

இதைவிடப் பெரிய கணக்கு பழைய ஆந்திரப் பிரதேசத்தில் எடுத்தது. 157 மண்டலங்கள், 1 கோடியே 90 லட்சம் ஜனத்தொகை. எந்த மண்டலங்களில் முதலில் கூலிப் பட்டுவாடாவைச் சீர்திருத்துவது என்பதைக் குலுக்கல் போட்டுத் தேர்ந்தார்கள். கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தங்கர் ஆகியோர் விளைவை அளந்து 2023 இல் வெளியிட்டார்கள். திட்டத்துக்குச் சர்க்கார் ஒரு காசுகூட அதிகம் செலவழிக்கவில்லை. இடையில் தின்றவன் வாயை அடைத்துக் கூலியைக் காலத்தில் கொடுத்ததோடு சரி. ஏழைக் குடும்பங்களின் வருமானம் 14 சதவிகிதம் உயர்ந்தது. அதில் மிகப் பெரும் பகுதி நூறு நாள் வேலையிலிருந்து வந்ததல்ல. மற்ற வேலைகளிலிருந்து, பெரும்பாலும் உயர்ந்த கூலியாக வந்தது. விலைவாசியைக் கழித்துப் பார்த்தாலும் கூலி 11 சதவிகிதம் ஏறியிருந்தது. வேலை போயிற்றா? சம்பளமில்லாமல் கழிந்த நாட்கள் 7 சதவிகிதம் குறைந்தன!

நான் அந்தப் பட்டுவாடா அட்டைக்குப் பல்லக்குத் தூக்கவில்லை. கைரேகை விழவில்லை என்று கிழவிகளைத் திருப்பியனுப்பிய கொடுமைகளை நாம் எத்தனையோ கண்டிருக்கிறோம். விஷயம் வேறு. இன்னொரு வாசல் உண்மையில் திறந்தே இருக்கிறது என்று தெரிந்ததும், பண்ணையார் கூலியை ஏற்றித்தான் ஆள் பிடிக்க வேண்டியிருந்தது.

இங்கே இன்னொரு ஆராய்ச்சியையும் சொல்லாமல் விட மனமில்லை. அதன் தலைப்பே ‘கருங்காலிகள்’! எமிலி பிரேசா, சுப்ரீத் கவுர், நந்திதா கிருஷ்ணசாமி என்ற மூன்று அம்மையார்கள் ஒரிசா கிராமங்களில் செய்து 2019 இல் எழுதியது. ஊரில் நடப்பில் உள்ள கூலிக்குக் கீழே ஒரு கூலியைச் சொல்லி வேலைக்குக் கூப்பிட்டார்கள். வீட்டுக்குள் தனியாகக் கேட்டபோது, வறுமையில் கிடந்த பலர் சம்மதித்தார்கள். தெருவில் நாலு பேர் பார்க்கக் கேட்டபோது சம்மதித்தவர் மிக அரிது. சங்கம் கிடையாது, கொடி கிடையாது, தீர்மானம் கிடையாது. ஆனாலும் கூலியைக் குறைத்து வேலைக்குப் போகிறவனைத் தண்டிக்கத் தம் கைக்காசை இழக்கவும் தொழிலாளர்கள் தயாராக இருந்தார்கள்; அவன் முகம் தெரியாத வேற்றூரானாக இருந்தாலும் சரி.

நம் பக்கத்தில் ஊர்க் கட்டுப்பாடு என்று இதைச் சொல்வோம். பேராசிரியர்கள் இதற்கு வைக்கும் பெயர், சரக்கு விலையை உயர்த்த வியாபாரிகள் சேரும் கூட்டுக்கு வைக்கும் பெயர். நல்ல நியாயம்! 1960களில் நாகை வட்டாரத்து மிராசுதார்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் என்று வைத்துக்கொண்டு, கூலி உயர்வை எதிர்த்தார்கள். வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து வயலில் இறக்கினார்கள். கூலித் தகராறு முற்றி, 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிந்து சாம்பலானார்கள். அந்தக் கூலியைச் சந்தையா நிர்ணயித்தது? எந்தப் பாடப் புத்தகத்தில் அந்தக் குடிசை இருக்கிறது?

இவ்வளவு ஆராய்ச்சிகளும் ஆட்சியாளர் கண்ணில் படவில்லையா? பட்டிருக்கிறது. நன்றாகவே பட்டிருக்கிறது. நூறு நாள் வேலை கூலியை உயர்த்துகிறது என்பதை அவர்கள் நம்மைவிடத் தெளிவாகப் புரிந்துகொண்டார்கள். 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக நாடாளுமன்றத்தில் வேறொரு சட்டம் நிறைவேறியது. பத்திரிகைகள் அதை ‘ஜி ராம் ஜி’ என்று சுருக்கி எழுதின. 100 நாள் 125 நாளாகிறது என்று தம்பட்டம் அடித்தார்கள். மத்திய சர்க்கார் முழுதாகக் கொடுத்துவந்த கூலிச் செலவில் பெரும்பாலான மாநிலங்களின் தலையில் 40 சதவிகிதத்தைக் கட்டியதைத் தம்பட்டத்தில் சேர்க்கவில்லை. இன்னொன்றையும் சேர்க்கவில்லை: விதைப்பும் அறுவடையும் மும்முரமாக நடக்கும் காலத்தில் ஆண்டுக்கு மொத்தம் 60 நாட்கள் திட்ட வேலை நடக்கக் கூடாது.

எந்த 60 நாட்கள் என்று பாருங்கள். சித்திரை வெயிலில் மண் சுமக்கும் நாட்களையா நிறுத்தினார்கள்? தொழிலாளியின் கைக்கு ஆண்டிலேயே அதிகக் கிராக்கி உள்ள நாட்கள், நாலு காசு கூடக் கேட்டு வாங்கக்கூடிய நாட்கள், அந்த நாட்களில் பார்த்து இரண்டாவது வாசலை அடைக்கிறார்கள். 2011 இல் கடிதத்தில் கேட்டது 2025 இல் சட்டத்தில் வந்தது. கூலியைச் சந்தைதான் நிர்ணயிக்க வேண்டும், சர்க்கார் குறுக்கிடக் கூடாது என்று நமக்குப் பாடம் சொன்னவர்கள், சந்தை தொழிலாளியின் பக்கம் சாயும் 60 நாட்களில் மட்டும் சர்க்காரைக் கூப்பிட்டுக் குறுக்கே நிறுத்துகிறார்கள். இதை எந்தப் பொருளாதார மேதையும் தண்ணீர் மேட்டுக்கு ஓடுவதாகச் சொல்லி வசை பாடக் காணோம்.

அந்த 60 நாட்கள் எவை என்று முன்கூட்டி அறிவிக்க வேண்டியது மாநிலச் சர்க்கார் என்று சட்டம் கூறுகிறது. குறுவை நடவு நடக்கும் வட்டாரத்திலும் சம்பா அறுப்பு நடக்கும் வட்டாரத்திலும் எந்தத் தேதிகளைக் குறிக்கப் போகிறார்கள், அந்தத் தேதிகளைக் குறிக்கும்படி மனுக் கொடுத்தவர்கள் யார் யார் என்ற இரண்டு கேள்விகளையும் கிராம சபையில் எழுத்து மூலம் கேட்டு, தீர்மானப் புத்தகத்தில் பதியச் செய்ய வேண்டும்.